ஏபெல் பென்ஃபோல்டு மடக்கி வெச்ச கை

எங்க வீட்டுக்கு முதல்ல வந்தது செத்துப்போன ஏபெல் பென்ஃபோல்டு, அதுக்கப்புறம் வந்தது கல்யாணக் கோட்டு போட்ட ஏபெல் பென்ஃபோல்டு, கடைசியா வந்தது பால்குடி மறக்காத ஏபெல் பென்ஃபோல்டு, மூணு பேரும் ஒரே ஆளு, மூணு பேருக்கும் தனித்தனியா டம்ளர் வேணும், இதுல நம்பறதுக்கு என்ன கஷ்டம்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியல. நம்பாதவங்க போத்தனூர் ரயில்வே காலனிக்கு வந்து யாரை வேணும்னாலும் கேட்டுப் பாக்கட்டும், கேக்காம வாய் பேசினா நான் பதிலுக்குப் பேசுவேன்.

ஆரம்பிச்சு வெச்சது எங்கப்பாவோட அக்கா கோரல் ஆன்ட்டி. முப்பத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாடி கடல் தாண்டி பெர்த்துக்குக் குடிபோனவங்க, அங்க வேலையெல்லாம் முடிச்சு ஓய்ஞ்சு உக்காந்தப்புறம், நாம எந்த இங்கிலீஷ்காரன் வம்சம், அவன் எந்த ஊர்லேர்ந்து கப்பல் ஏறினான்னு தேடிப் பிடிச்சு ஒரு புஸ்தகமா போட்டுடணும்னு ஒரு ஆசை வந்துருச்சு, அந்தப் புஸ்தகத்த எல்லாச் சொந்தமும் கூடி நிக்கறப்ப போத்தனூர் சர்ச் ஹால்ல வெச்சுக் குடுக்கணும்னு இன்னொரு ஆசையும் வந்துருச்சு. "நீ ஹிஸ்டரிதானே படிக்கறே சைல்ட், ரெஜிஸ்டரெல்லாம் நீ பாத்துடு"ன்னு என் தலையில கட்டிட்டாங்க. கூடவே குடும்ப மரம்னு ஒரு படம் அனுப்பினாங்க, கட்டம் கட்டமா. கடைசி வரிசையில எங்க கட்டம்: டெரன்ஸ் பென்ஃபோல்டு, மனைவி, மகள் ஷெரில்.

அந்த "மனைவி"க்குப் பேரு தெய்வாத்தாள். செட்டிபாளையத்துக்காரங்க. பென்ஃபோல்டு குடும்பத்துக்கு இருபத்தஞ்சு வருஷமா சோறு போடறவங்க. எங்கம்மா.

ஃபோன் போட்டு ஏன் பேரு போடலன்னு கேட்டேன். "ரொம்ப நீளமா இருக்கு மேன், கட்டத்துல அடங்க மாட்டேங்குது, அப்புறம் பாத்துக்கலாம்"னாங்க. கட்டத்தப் பெருசு பண்ணுங்கன்னேன். ஃபோன வெச்சுட்டாங்க. அப்பா பாயிண்ட்ஸ்மேன், ரெண்டு வண்டியும் மோதாம பாத்துக்கறதுதான் அவரு வேலை, அதனால "விடும்மா"ன்னாரு. நான் விடல.

வம்சம் தேடறவங்க பின்னாலேர்ந்துதான் போகணும், முதல்ல சாவு, அப்புறம் கல்யாணம், அப்புறம் ஞானஸ்நானம். எங்க சர்ச்சுல ஒரு இரும்பு பீரோ இருக்கு, அதுக்குச் சாவி பாஸ்டர் ஜெபசிங்கோட இடுப்புல இருக்கு. மூணு நாள் தும்மித் தும்மித் தேடி, அடக்கம் பண்ணின ரெஜிஸ்டர்ல அவரப் பிடிச்சேன்: ஏபெல் பென்ஃபோல்டு, தண்டவாள இன்ஸ்பெக்டர், வயசு அறுபத்தொண்ணு, காய்ச்சல். ஆறு தலைமுறைக்கு முந்தின ஆளு. சத்தமாப் படிச்சு, ஃபோன்ல படம் பிடிச்சுட்டு வந்து தூங்கிட்டேன்.

மறுநாள் எட்டேகால் பாசஞ்சர்லேர்ந்து வெள்ளைத்தாடியும் தகரப்பொட்டியுமா அவரு எறங்கினாரு, டிக்கெட் கேட்டவருகிட்ட "இந்தத் தண்டவாளத்தப் போட்டவனே நானுங்க, எனக்கே சீட்டுங்களா?"ன்னு சுத்தமான கோயமுத்தூர்ப் பேச்சுல கேட்டாராம், அவரும் வயசானவருன்னு வழி விட்டுட்டாரு, விசாரிச்சுக்கிட்டே வந்து எங்க கேட்டுக்கு முன்னாடி நின்னு, "பென்ஃபோல்டு வூடு இதுதானுங்களா? நான் ஏபெலு"ன்னாரு.

எங்கம்மா, "வாங்க, கால் கழுவிட்டு வாங்க"ன்னாங்க. எங்கம்மா வழக்கம் அது, வாசல்ல நிக்கறவங்க சாப்பிட்டு முடிச்சப்புறந்தான் யாரு என்னன்னு கேப்பாங்க.

காலனி அவர ரெண்டே நாள்ல சேத்துக்கிச்சு. பென்ஷன்காரங்க சங்கத்துல சீனியாரிட்டி பாத்து நாற்காலி போட்டாங்க. ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் தன்னோட கல்லறைய தானே கூட்டிட்டு, பக்கத்துக் கல்லறையில மொளைச்ச செடியையும் பிடுங்கிப் போட்டுட்டு வருவாரு. அடுத்த வீட்டு ரோட்ரிக்ஸ் அங்கிள் மட்டும் அவரு எறங்கின அன்னைக்கே வந்து, "ஷெரில், எங்க குடும்பத்து ஆளு பேரு எங்கயாவது கண்ணுல பட்டா தயவுசெஞ்சு படிச்சிடாதே, இருக்கற ஆளுக்கே பாத்ரூம் பத்தல"ன்னு கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போனாரு.

கோரல் ஆன்ட்டிதான் ஏமாந்துட்டாங்க. வீடியோ கால்ல முத்து மாலையெல்லாம் போட்டு உக்காந்து, இங்கிலீஷ் துரை இங்கிலீஷ்ல ரெண்டு வார்த்தை பேசுவாருன்னு காத்துட்டிருந்தா, அவரு ஃபோன மூக்குக்கிட்ட வெச்சு, "ஏனம்மிணி, சோறு தின்னாச்சா?"ன்னாரு. முப்பத்தெட்டு வருஷம் கொங்கு நாட்டுல ஜல்லி கொட்டின மனுஷன் வேற எப்பிடிப் பேசுவாரு? ஆன்ட்டி விடல, ஒரு கேள்வித்தாள் அனுப்பினாங்க, முப்பத்திநாலு கேள்வி. ஊரு என்ன, கப்பல் பேரு என்ன, கேப்டன் பேரு என்ன, வீட்டுல குதிரை இருந்துச்சா. நான் கேட்டேன், அவரு சொன்னாரு, நான் எழுதினேன். குதிரை இல்லையாம், கழுதையாம். ஆன்ட்டி புஸ்தகத்துல குதிரைன்னே போட்டுக்கிட்டாங்க.

மூணு வாரம் கழிச்சு கல்யாண ரெஜிஸ்டர் கெடைச்சுது, அதையும் சத்தமாப் படிச்சேன். மணமகன்: ஏபெல் பென்ஃபோல்டு, வயசு இருபத்தஞ்சு. மணமகள்ங்கற இடத்துல பேரு இல்ல, அப்பா பேரு இல்ல, ஊரு இல்ல. "நேட்டிவ் வுமன்"னு ரெண்டே வார்த்தை. இந்த ஊர்ப் பொம்பளை ஒருத்தியாம். அன்னைக்கு அந்தக் கல்யாணத்த எழுதின புண்ணியவான் மையத் தொட்டு மாப்பிள்ளையோட வேலை, மாப்பிள்ளையோட அப்பன், மாப்பிள்ளையோட அப்பன் வேலை எல்லாம் எழுதியிருக்காரு, பக்கத்துல நிக்கறவகிட்ட உன் பேரென்னம்மான்னு கேக்க வாய் வரல. நான் பீரோக் கதவ அடிச்ச அடியில பாஸ்டர் எந்திரிச்சு நின்னுட்டாரு.

மறுநாள் எட்டேகால் வண்டியில மாப்பிள்ளை வந்தாரு. செம்பட்டை முடி, இறுக்கமான கறுப்புக் கோட்டு, வலது கை முழங்கையோட மடங்கி, யாரோ அதுல கை கோத்துட்டு வர்ற மாதிரி. பக்கத்துல யாரும் இல்ல. அந்தக் கைய அவரால நீட்டவே முடியல. டீயக்கூட இடது கையாலதான் குடிச்சாரு. வந்த புதுசு, அவருக்குத் தெரிஞ்ச தமிழ் சட்டி, மண்ணு, தூக்கு, மெல்ல, அவ்வளவுதான். தினமும் காலையில ஸ்டேஷனுக்குப் போவாரு, எட்டேகால் வண்டி வந்து எல்லாரும் எறங்கி வண்டி போன பின்னாடியும் நிப்பாரு, திரும்பி வந்து எங்கிட்ட, "நாளைக்கு?"ன்னு கேப்பாரு. அந்த வார்த்தைய மட்டும் முதல் வாரமே கத்துக்கிட்டாரு.

அந்தக் கையையும் காலனி சேத்துக்கிச்சு. ஸ்டேஷன்ல பூ விக்கற அக்கா குடைய அதுல மாட்டினாங்க, சாமான் வாங்கி வர்றவங்க பையத் தொங்கவிட்டாங்க, காலனியில எந்தக் கல்யாணம்னாலும் ராசியான ஆளுன்னு அவரத் துணைமாப்பிள்ளையா நிக்க வெச்சாங்க, ஒவ்வொரு கல்யாணத்துலயும் பொண்ணு உள்ள வர்றப்ப அவரு வாசலப் பாத்துட்டு நிப்பாரு, வந்தது தன் பொண்ணு இல்லன்னு தெரிஞ்சதும் மரியாதையா சிரிப்பாரு. அந்தச் சிரிப்ப ஒரு தடவை பாத்தேன். அதுக்கப்புறம் எந்தக் கல்யாணத்துக்கும் நான் போகல.

கோரல் ஆன்ட்டிக்கு மட்டும் இது வசதியாப் போச்சு. "பேரு இல்லையா? அப்ப ஷீ வாஸ் ஸ்பானிஷ், எங்க கிராண்ட்பா எப்பவும் சொல்வாரு"ன்னாங்க. எங்க குடும்பத்துல யாராவது கொஞ்சம் கறுப்பாப் பொறந்துட்டா இதுதான் மருந்து, ஸ்பெயின்காரி ரத்தம். ஸ்பெயின்காரி போத்தனூர்ல என்ன பண்ணினா, தக்காளி வாங்க வந்தாளான்னு கேட்டேன். "ரெண்டு மாசத்துல நான் வர்றேன், அதுக்குள்ள ஒரு பேரு எழுத்துல கொண்டா, இல்லேன்னா ஸ்பானிஷ் லேடின்னு அச்சடிச்சுடுவேன்"னாங்க. சரி, சவால்னா சவால்.

நடுவுல இங்கிலாந்துலேர்ந்து ஞானஸ்நானப் பதிவோட நகல் வந்துச்சு, படிச்ச மறுநாள் எட்டேகால் வண்டியில கீரைக்காரம்மா மடியில குழந்தை வந்துச்சு. "இது உங்கூட்டுப் பொருளாமே அம்மிணி"ன்னு கீரைக்கட்டோட சேத்துக் குடுத்துட்டுப் போயிட்டாங்க. அப்பா அம்மா பேரும் அந்தப் பதிவுல இருந்துச்சு, ஆனா அவங்க வரல. சடங்கு யாருக்கோ அவங்கதான் வருவாங்கன்னு நாங்களா புரிஞ்சுக்கிட்டோம். அங்கன்வாடி டீச்சர் எடை பாத்து, பொறந்த வருஷம் ஆயிரத்தி எண்ணூத்தி முப்பத்தெட்டுன்னு எழுதி, "தடுப்பூசி ரொம்பத் தள்ளிப் போயிருச்சே"ன்னு மட்டும் வருத்தப்பட்டாங்க. ஊசி போட்டப்ப மூணு பேரும் மூஞ்சியச் சுளிச்சாங்க. பெரியவரு தன்னையே தோள்ல போட்டுத் தட்டித் தூங்க வெப்பாரு, மாப்பிள்ளை ஒத்தக் கையாலயே மாமரத்துல ஏறினா கீழ நின்னு, "டேய், எறங்கு, பின்னால எனக்குத்தான் முட்டி வலிக்கும்"னு திட்டுவாரு.

இவ்வளவும் ஒரு பக்கம் சந்தோஷமா நடக்க, நான் மட்டும் காஞ்ச மொளகா மாதிரி திரிஞ்சேன். அந்தப் பொண்ணோட அடக்கம் எங்க சர்ச்சுலயே இல்ல. அவ பிள்ளைங்களோட ஞானஸ்நானப் பதிவ வாய்விட்டுப் படிக்காம கண்ணால மட்டும் பாத்தேன், எல்லாத்துலயும் அப்பன் பேரு மட்டும். சென்னைக்குப் போய் ஆவணக் காப்பகத்துல ஒம்போது நாள் உக்காந்தேன், தண்டவாளம் போட்டப்ப ஜல்லி சுமந்தவங்க பட்டியல் கெடைச்சுது, அதுல ஒவ்வொரு கழுதைக்கும் அடையாளம் எழுதியிருக்கு, ஒத்தக்கண்ணு, நொண்டி, வெள்ளைக்காது. பொம்பளைங்களுக்கு எதிர்ல "பெண் ஆள், நாப்பத்திரெண்டு". அங்க இருந்த ஆபீசர்கிட்ட சண்டை போட்டேன். அவரு, "நான் எழுதலம்மா, நான் பொறக்கவே இல்ல"ன்னாரு. அது எனக்கும் தெரியும். ஆனா எழுதினவங்கிட்ட சண்டை போட முடியலையே, கெடைச்சவங்கிட்டதானே போட முடியும்?

ரெண்டு மாசம் ஓடிப்போச்சு. சனிக்கிழமை ஆன்ட்டி வர்றாங்க. வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டுல நான் காகிதத்தப் பரப்பிப் போட்டுட்டு அழுகையும் கோவமுமா உக்காந்திருந்தேன், மாப்பிள்ளை வாசப்படியில கைய மடக்கிட்டு ஸ்டேஷன் பக்கம் பாத்துட்டிருந்தாரு, பெரியவரு மடியில குழந்தையோட டீயில வர்க்கிய முக்கிட்டிருந்தாரு, எங்கம்மா இன்னொரு வர்க்கிய எடுத்து வெச்சுட்டே கேட்டாங்க:

"ஏனுங், கேக்கறேன்னு தப்பா நெனைக்காதீங்க. உங்கூட்டுக்காரம்மா பேரென்னங்க?"

"அங்காயிங்க"ன்னாரு பெரியவரு.

வாசப்படியில இருந்த மாப்பிள்ளை படக்குன்னு திரும்பி, "அங்காயி"ன்னாரு, யாரோ தெருவுல போறத பாத்துட்ட மாதிரி.

நான் கத்தினேன். "இத இத்தனை நாளா ஏன் சொல்லல? நான் சென்னை வரைக்கும் போய் செத்துட்டு வந்தேனே!"

"நீ கேக்கவே இல்லியே அம்மிணி. கப்பல் பேரக் கேட்டே, கேப்டன் பேரக் கேட்டே, எங்கய்யனோட கழுதை பேரக்கூடக் கேட்டே."

"நீங்களா சொல்லக் கூடாதா?"

"பொஞ்சாதி பேர ஊரெல்லாம் போய் நானாச் சொல்லுவனா? அவளுக்குக் கேட்டா அடிப்பா."

"அவங்க அடக்கம் ஏன் சர்ச்சுல இல்ல?"

"அவ சனத்தோட பொதைக்கச் சொல்லிட்டா. மூணு வருசம் கழிச்சு நான் போனேன். என்னையத்தான் கோட்டு மாட்டி இங்க கொண்டாந்துட்டாங்க."

எங்கம்மா வர்க்கி டப்பாவ மூடினாங்க. பேரு எழுதாம விட்டவங்கள எல்லாம் ரெண்டு மாசமாத் திட்டித் தீத்த நானு, எதிர்ல உக்காந்திருந்த புருஷங்கிட்ட ஒரு தடவை கேக்கல. எழுத்துல இருந்தாத்தான் நெசம்னு நெனைச்சதுல கோரல் ஆன்ட்டிக்கும் எனக்கும் ஒரு நூல்கூட வித்தியாசம் இல்ல. இது எனக்குப் பிடிக்கல, இருந்தாலும் சொல்லிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில மூணு பேரையும் கூட்டிட்டு பாஸ்டர்கிட்ட போனேன்.

"இந்த ரெஜிஸ்டர்ல யாரும் கை வைக்கக் கூடாது ஷெரில்."

"கை வைக்காததாலதான் பாஸ்டர் அந்தக் கை அப்பிடி நிக்குது."

அவரு மாப்பிள்ளையோட கையப் பாத்தாரு, மூக்குக்கண்ணாடியக் கழட்டித் தொடைச்சாரு. "பழைய எழுத்த அழிக்கக் கூடாது. ஓரத்துல திருத்தம் எழுதலாம். கல்யாணம் பண்ணிக்கிட்ட ரெண்டு பேரும் நேர்ல இருக்கணும், இல்லேன்னா விஷயம் தெரிஞ்ச சாட்சி ரெண்டு பேரு வேணும்."

"இதோ ரெண்டு பேரு."

"ரெண்டும் ஒரே ஆளும்மா!"

"ஒரே ஆளுன்னு எதை வெச்சுச் சொல்றீங்க? ரெண்டு பேருக்கும் ஆதார் இருக்கா?"

பாஸ்டர் "உங்கிட்ட வாதாட நான் செமினரியில படிக்கல"ன்னு பேனாவத் தொறந்தாரு. நேட்டிவ் வுமன்ங்கற எழுத்துக்குப் பக்கத்துல, ஓரத்துல, அவரு கையாலயே, அங்காயின்னு எழுதினாரு. பெரியவரு கையெழுத்துப் போட்டாரு, மாப்பிள்ளை இடது கையால போட்டாரு, நடுங்கற கையெழுத்தும் கோணின கையெழுத்தும் அண்ணன் தம்பி மாதிரி பக்கத்துல பக்கத்துல நின்னுச்சு, குழந்தை ஸ்டாம்ப் பேடுல கைய விட்டு அதுக்குக் கீழ ஒரு அப்பு அப்புச்சு. "சரி, மூணு சாட்சி"ன்னு பாஸ்டர் புஸ்தகத்த மூடிட்டாரு. நான் அந்தப் பேர சத்தமாப் படிச்சேன்.

சனிக்கிழமை. காலனியே ஸ்டேஷன்ல. பென்ஷன்காரங்க சங்கத்தோட மாலை, ரோட்ரிக்ஸ் அங்கிள் டிரம்பெட், பூக்கார அக்கா அன்னைக்கு வியாபாரத்த விட்டுட்டு முழுக்கூடைய மாப்பிள்ளை தலையில கொட்டக் காத்துட்டிருந்தாங்க, விமானத்துலேர்ந்து நேரா வந்த கோரல் ஆன்ட்டி தொப்பியும், முன்னாடியே அச்சடிச்சுட்ட புஸ்தக அட்டைப்பொட்டியுமா முன்வரிசையில. எங்கம்மா மட்டும் வரல. பத்து நாளைக்கு ஒருக்கா தண்ணி வர்ற நாளு, "நான் குழாயடிய விட்டு எங்கயும் வரல, நீங்க போய்க் கூட்டிட்டு வாங்க"ன்னுட்டாங்க. காலனிக் குடமெல்லாம் வரிசையில இருந்துச்சு, ஆளு எங்கம்மா ஒருத்திதான்.

எட்டேகால் வண்டி வந்துச்சு. எல்லாரும் எறங்கினாங்க. அவ எறங்கல. வண்டி போயிருச்சு. ரோட்ரிக்ஸ் அங்கிள் ஊதறத நிறுத்தினாரு. மாப்பிள்ளை எங்கிட்ட "நாளைக்கு?"ன்னு கேக்கல, அதுதான் எனக்குத் தாங்கல. கோரல் ஆன்ட்டி என் தோளத் தொட்டு, "பரவால்ல சைல்ட், ஸ்பானிஷ் லேடின்னே இருக்கட்டும்"னாங்க. அந்தக் கைய நான் தட்டிவிட்டேன்.

எல்லாரும் காலனிக்கு நடந்தோம், மாப்பிள்ளை மட்டும் பிளாட்ஃபாரத்துலயே நின்னுட்டாரு, எங்க தெரு திரும்பறப்பவே சண்டைச் சத்தம் கேட்டுச்சு. குழாயடியில எங்கம்மாவுக்கு எதிர்ல ஒருத்தி. கறுப்பு, ஒல்லி, கண்டாங்கிய இழுத்துச் சொருகியிருக்கா, தலையில சும்மாடு, இடுப்புல குடம். வயசு என்னைய விட ஒண்ணு ரெண்டு கம்மியா இருக்கும்.

"வரிசையில வாங்கன்னு சொன்னா வர மாட்டீங்களா?"ன்னாங்க எங்கம்மா.

"வரிசையா? நீங்கல்லாம் வர்றதுக்கு முன்னாடியே இந்த எடத்துல தண்ணி மொண்டவ நானு! இது கெணறா இருந்தப்பவே எம்பட வரிசை இது!"

நான் ஓடிப்போய்க் கேட்டேன். "அங்காயியாங்க நீங்க? நாங்க ஸ்டேஷன்ல மாலையோட நிக்கறோம், நீங்க ரயில்ல வரலையா?"

"நான் எதுக்குடி ரயில்ல வரணும்?" இடுப்புல கைய வெச்சா. "நான் எங்க போனேன், ரயிலேறி வர்றதுக்கு? அவுங்கல்லாம் சீமையிலிருந்து வந்தவுங்க. நான் இந்தூருக்காரி. கூப்புட்டா வரப்போறேன். கூப்புட உங்களுக்கு வாயில்ல, வந்து பேச்சப் பாரு."

இப்பிடி ஒரு பதில் எனக்கு யாரும் குடுத்ததில்ல. எங்கப்பா என் மூஞ்சியப் பாத்தாரு, அவ மூஞ்சியப் பாத்தாரு, "ரெண்டு வண்டி"ன்னு முணுமுணுத்துட்டு ஒதுங்கி நின்னாரு.

கோரல் ஆன்ட்டி தொப்பியக் கழட்டிட்டு, "மை காட். ஸ்பானிஷ் இல்லையே"ன்னாங்க. அங்காயி அவங்கள மேலயும் கீழயும் பாத்தா, சும்மாட்டத் தூக்கிவிட்டுக்கிட்டுக் கிட்ட வந்து பாத்தா. "ஏன்டி, யாரு இவ? எம் மூக்க வெச்சுட்டு நிக்கறா?"

ஆன்ட்டி தன் மூக்கத் தொட்டுப் பாத்தாங்க. அப்புறம் அங்கயே, குழாயடி ஈரத்துலயே, அட்டைப்பொட்டியத் தொறந்து வெச்சுட்டு உக்காந்துட்டாங்க, ஹேண்ட்பேக்லேர்ந்து பேனா எடுத்தாங்க, முதல் புஸ்தகத்தப் பிரிச்சு ஸ்பானிஷ் லேடியக் குறுக்க அடிச்சு ஓரத்துல அங்காயின்னு எழுதினாங்க, நாப்பது புஸ்தகம், நாப்பதுலயும் எழுதியாகணும், ரெண்டாவது புஸ்தகத்துலயே கை நின்னுச்சு, தலைய நிமித்தாம, "டெரன்ஸ் வைஃப்... உன் பேரையும் முழுசாச் சொல்லு மேன், கட்டத்துக்கு வெளிய எழுதிக்கறேன்"னாங்க. எங்கம்மா குடத்த நிமித்தி வெச்சுட்டு, நிதானமா, தெய்வாத்தாள்னு சொன்னாங்க.

அப்பதான் தெருமுனையில மாப்பிள்ளை வந்தாரு. தலைய குனிஞ்சுட்டு, தோள் மேல பூக்கார அக்கா கூடையக் கொட்ட முடியாமப் போன கோவத்துல தூவின நாலு பூவோட, அந்தக் கைய மடக்கிட்டு. நிமிந்து பாத்தாரு. நடை நின்னுருச்சு. பெரியவரு குழந்தையத் தூக்கிக் காட்டினாரு, குழாயில தண்ணி விழற சத்தம் மட்டும்.

அங்காயி குடத்த நெரப்பி இடுப்புல வெச்சுக்கிட்டு அவருகிட்ட நடந்து போனா. அந்தக் கையப் பாத்தா. கோத்துக்கப் போறான்னு நாங்க எல்லாரும் நெனைச்சோம்.

"நூத்தி அறுவது வருசமா சும்மா மடக்கிட்டுத்தான நிக்கறீங்க"ன்னு நெறைகுடத்த அந்த வளைவுல வெச்சா. "சிந்தாம புடிங்க. இன்னும் ரெண்டு கொடம் இருக்குது."

குடம் அந்தக் கையில அளவெடுத்த மாதிரி உக்காந்துச்சு. மாப்பிள்ளை ஒரு சொட்டு சிந்தல.